மருமகள் வாங்கிய முக உளி

கோர்வையாக எழுத எனக்கு வராது. ஐந்தாவதோடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. இப்போது மறதியும் சேர்ந்துகொண்டது. முன்பின்னாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

திருமுருகன்பூண்டியில் ஒரு சிற்பப் பட்டறையில் சிலைகளைத் தண்ணீர் விட்டுத் தேய்த்து மெருகேற்றுவது என் வேலை. மகனும் அங்கேதான் கல் செதுக்குகிறான். மருமகள் பக்கத்தில் நெருப்பெரிச்சல் என்ற ஊரில் பனியன் கம்பெனியில் செக்கிங் பார்த்தவள். ஞாயிற்றுக்கிழமைகளில் பட்டறைக்கு வந்து புருஷனிடமே உளி பிடிக்கப் பழகினாள். பிறகு கம்பெனியை விட்டுவிட்டுக் கல்லுக்கே வந்துவிட்டாள்.

கம்பெனியில் வாங்கிய கடைசி தீபாவளி போனஸில் கொலுசு எடுப்பாள் என்று நினைத்தேன். கோயமுத்தூர் போய், முகம் செதுக்க மெல்லிய உளி ஒன்றும் கைக்கு அடக்கமான சுத்தியல் ஒன்றும் வாங்கி வந்தாள். அந்த உளியின் நுனியில் வேறொரு கெட்டியான உலோகத்தை ஒட்டவைத்திருக்கிறார்கள், கார்பைடு என்றாள். சாதாரண உளி கருங்கல்லில் கொஞ்ச நேரத்தில் மழுங்கிவிடும், மழுங்கியதை ஓங்கி அடித்தால் சில்லு தெறிக்கும். உலையில் காய்ச்சி, அடித்துக் கூராக்கி, தண்ணீரில் முக்கவேண்டும். இது லேசில் மழுங்காது.

தை மாதம் பட்டறையை நடத்தும் ஸ்தபதி முதன்முதலாக ஓர் அம்மன் முகத்தை அவளை நம்பிக் கொடுத்தார். மூக்கில் ஒரு சில்லு தெறித்தாலும் அந்தச் சிலைக்குப் பூசை கிடையாது. கல்லும் வீண், அவளை நம்பி இன்னொரு முகமும் கொடுக்கமாட்டார்கள்.

நெற்றி, கன்னமெல்லாம் முடித்துவிட்டுச் சாப்பிடப் போனாள். மகன் ஒத்தாசையாக இருக்கட்டும் என்று தன் உளிகளோடு அவளுடையதையும் உலையில் வைத்துவிட்டான். நுனி கழன்று கரிக்குள் விழுந்துவிட்டது.

வந்து பார்த்தாள். “ஏனுங்க, உளியக் கூராக்குனீங்களா, சோளக்கருது சுட்டீங்களா?”

மகன் இடுக்கியால் கரியைக் கிளறி நுனியைத் தேடினான்.

“மூக்கு மட்டுந்தான அம்மணி பாக்கி. அவன் உளியிலயே முடிச்சுப்போடு. கோயில்காரங்க வந்துருவாங்க” என்றார் ஸ்தபதி.

“இல்லீங்க. பனியன்ல ஓட்டைன்னா செகண்ட்ஸ்னு வெலையக் கொறைச்சுத் தள்ளி உட்றலாங்க. சாமிய அப்படித் தள்ள முடியுங்களா?”

“லேட்டுன்னு சத்தம் போட்டா நான் என்னத்தச் சொல்றது?”

“என்னைக் கை காட்டி உடுங்க. நான் பேசிக்கறேனுங்க.”

பெரியவர்கள் முன்னால் எனக்கு நாக்கே எழாது. தேய்ப்பதை நிறுத்தாமல், குனிந்தபடியே அவள் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தேன். நானாக இருந்தால் கிடைத்த உளியில் முடித்திருப்பேன்.

அப்போதே பஸ் ஏறினாள். ஃப்ரிட்ஜ் வாங்கச் சேர்த்து வைத்ததில் எடுத்துக்கொண்டு போய் அதே உளியை மறுபடியும் வாங்கினாள். மகனும் கூடப் போனான், பை தூக்க என்று. ஓர் உளிக்கு என்ன பை என்று பட்டறையே சிரித்தது.

மறுநாள் மூக்குக்கு உட்கார்ந்தாள். சில்லு தெறிக்கவில்லை, மாவு போலத் தூள்தான் உதிர்ந்தது. வெயில் இறங்குவதற்குள் மூக்கு உருவாகி நின்றுவிட்டது. ஸ்தபதி கட்டைவிரலால் தடவிப் பார்த்தார்.

“அடுத்த முகமும் நீயே எடுத்துக்க, அம்மணி.”

அப்புறம் சிலை என்னிடம் வந்தது. மற்ற சிலைகளில் உளித்தடம் போக எவ்வளவோ நேரம் தேய்ப்பேன். இந்த மூக்கில் தடமே இல்லை. என் கைக்கு அவள் வேலையே வைக்கவில்லை.

கார்பைடு என்று எழுதியது சரிதானா, உலையில் நுனி ஏன் கழன்றது என்பதையெல்லாம் விவரம் தெரிந்த யாராவது பார்த்துத் திருத்திக் கொடுங்கள். மருமகளையே கேட்கலாம். அவளைப் பற்றி எழுதியிருக்கிறேன் என்று தெரிந்துவிடும், கூச்சமாக இருக்கிறது.