பழி சுமந்த பிஸ்கட்டுகள்

எங்கள் நாய்க்கு இதயத்தில் கோளாறு என்று தெரிந்த நாளிலிருந்து எனக்கு ஒரே கவலைதான். காலையும் மாலையும் ஒரு மாத்திரை அவள் வயிற்றுக்குள் போக வேண்டும், போனது உள்ளேயே தங்க வேண்டும். மாத்திரை விட்டுப்போனால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும், அப்புறம் மூச்சுக்குத் திண்டாட வேண்டியதுதான் என்று அடையாறில் இருக்கும் கால்நடை மருத்துவர் தெளிவாகவே சொல்லியிருந்தார். வெறும் மாத்திரையை வாயில் போட்டால் கன்னத்தில் ஒதுக்கி வைத்துக்கொள்வாள். நாங்கள் அந்தப்பக்கம் திரும்பியதும் சோபாவுக்கு அடியில் துப்பிவிடுவாள். ஆகவே ருசியான எதற்குள்ளாவது ஒளித்துத்தான் கொடுக்க வேண்டும். ருசியான எதுவும் அவள் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாது.

தி.நகரில் நாய் பூனைகளுக்கான தின்பண்டம் விற்கும் கடை ஒன்றில் என்னைக் கண்டாலே ஊழியர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளும் நிலைமை வந்துவிட்டது. பாக்கெட்டின் பின்பக்கப் பொடி எழுத்தை முழுதாகப் படிக்காமல் நான் எதையும் வாங்குவதில்லை. உப்பு கூடாது, பால் பவுடர் கூடாது, எண்ணெய் கூடாது, வாயில் நுழையாத பெயர் கொண்ட எதுவும் கூடாது. "மேடம், இது சென்சிடிவ் ஸ்டொமக்குக்குன்னே வர்றது" என்று கடைக்காரர் ஒன்றை நீட்டுவார். அதன் மேல் ஒரு வெளிநாட்டு நாய் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருக்கும். எங்கள் வீட்டு நாட்டு நாய் எதற்காகவும் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

புதிதாக எதைக் கொடுத்தாலும் ஒரு சமயத்தில் ஒன்றுதான் கொடுக்க வேண்டும் என்பது மருத்துவரின் உத்தரவு. முதலில் காயவைத்த கோழித் துண்டு கொடுத்துப் பார்த்தோம். சில வாரம் அருமையாகப் போயிற்று. நானும் கணவரும் அப்பாடா என்று உட்கார்ந்தபோது, ஒருநாள் மாலை வாந்தி, மறுநாள் முழுக்கப் பேதி. மாத்திரையும் அதோடு போயிற்று. மிச்சப் பாக்கெட்டைத் தெருமுனை நாய்களுக்குப் போட்டேன். அவை ஒரு குறையும் சொல்லாமல் தின்றுவிட்டு இன்னும் இருக்கிறதா என்று பார்த்தன. அடுத்து மீன் பிஸ்கட். அதுவும் சில வாரம் ஒழுங்காக இருந்து ஒருநாள் எங்கள் காலை வாரிவிட்டது. பிறகு நானே பிடித்த ஓட்ஸ் உருண்டை. என் கைப்பக்குவத்தையும் அவள் வயிறு மதிக்கவில்லை.

அந்த மூன்றாவது தடவை எனக்கு உண்மையிலேயே பயம் வந்துவிட்டது. விலா எலும்பு தெரிய வேகவேகமாக மூச்சு வாங்கினாள். ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு அடையாறுக்கு ஓடினோம். "இன்னா மேடம், வாந்தி எடுத்துக்கினு கீதா? பரவால்ல, சீட்ட கழுவிக்கலாம். நீ புள்ளய கெட்டியா புடிச்சுக்கோ" என்றார் ஆட்டோக்காரர். அந்த ஒரு வார்த்தைக்கே எனக்குக் கண் கலங்கியது.

மருத்துவர் ஊசி போட்டுவிட்டு, "வீட்ல வேற ஏதாவது சாப்பிடறாளா?" என்று கேட்டார்.

"சத்தியமா இல்ல டாக்டர்" என்றேன். அவ்வளவு நம்பிக்கையாக நான் சத்தியம் செய்திருக்கக் கூடாது.

கடைச் சரக்கு எதுவும் வேண்டாம், மஞ்சள் பூசணியை வேகவைத்து மசித்து அதற்குள் மாத்திரையை வையுங்கள் என்றார். வைத்தோம். ஆசையாகத் தின்றாள். நாள் ஆக ஆக என் பயம்தான் கூடியது. நன்றாகப் போகப் போகத்தானே ஒவ்வொன்றும் கெட்டது. பூசணியும் போய்விட்டால் வேறு எதைத் தேடுவது?

எங்கள் வீடு மயிலாப்பூரில் ஒரு அடுக்ககத்தின் தரைத்தளம். நாங்கள் இருவரும் வேலைக்குப் போனால் அவள் முன்பக்கக் கிரில் வராந்தாவில் படுத்திருப்பாள். ஒருநாள் ஜலதோஷம் என்று நான் மட்டும் லீவு போட்டிருந்தேன். வெளியே பேச்சுக்குரல் கேட்டு எட்டிப் பார்த்தால், மாடி வீட்டு மாமி கிரில் அருகே குந்தியிருந்தார். கோயிலிலிருந்து நேராக வந்திருக்கிறார், நெற்றியில் விபூதி காயவில்லை. கையில் வாழையிலை, அதில் எண்ணெய் மினுங்கும் வடைகள், பக்கத்தில் ஒரு கிண்ணம் பால். எதிரே எங்கள் நாயம்மாள் பழக்கப்பட்ட விருந்தாளியாக உட்கார்ந்திருந்தாள்.

பாய்ந்துபோய் அவள் வாயிலிருந்தே வடையைப் பிடுங்கினேன். "என்ன மாமி போடறீங்க?"

"ஏண்டி பதறறே? இன்னிக்குத் தேய்பிறை அஷ்டமி. பைரவருக்குச் சாத்தின வடை. அவரோட வாகனத்துக்குப் போடாம நான் ஆத்துக்குள்ள போறதில்ல."

"ஒவ்வொரு மாசமுமா?"

"பையனுக்கு வேலை போனதுலேர்ந்து வேண்டிண்டு போடறேன்."

கோபம் வந்தது, பொய் சொல்லமாட்டேன். ஆனால் அதை முந்திக்கொண்டு நிம்மதி வந்துவிட்டது. கோழி, மீன், ஓட்ஸ் எதுவும் தப்புச் செய்யவில்லை. மாதத்தில் ஒருநாள் வடையும் பாலும் உள்ளே போயிருக்கிறது, அன்று எது கையில் இருந்ததோ அதன் தலையில் நான் பழியைப் போட்டிருக்கிறேன். படியில் உட்கார்ந்து சிரித்துவிட்டேன். மாமி மிரண்டு போனார். விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் செத்துவிட்டது.

"என்னாலயா கொழந்தைக்கு உடம்பு படுத்தித்து?" மிச்ச வடையோடு இலையை மடித்து வைத்தார். "வேண்டுதலை நடுவுல நிறுத்தப்படாதேடி. நான் என்ன பண்ணுவேன்?"

"போடுங்க மாமி. வேகவச்ச பூசணியா போடுங்க."

"பூசணியா? பைரவருக்குத் தீபம் ஏத்தறதே பூசணியிலதானே. பேஷாப் போடலாம்." முகம் கொஞ்சம் தெளிந்தது. "துளி நெய் விடலாமோ?"

"வேண்டாம்."

"உப்பு?"

"வேண்டவே வேண்டாம்."

"ஒரு சிட்டிகை வெல்லம்?"

"மாமி."

"சரி சரி" என்றார்.

அடுத்த அஷ்டமிக்கு மறுபடி லீவு போட்டேன், இந்தத் தடவை ஜலதோஷம் இல்லாமலே. காலை மாத்திரையை மாமியிடமே கொடுத்தேன். கோயிலுக்குப் போய்வந்து, பூசணி உருண்டைக்குள் அதை வைத்து அவர் நீட்ட, அவள் ஒரே வாயில் விழுங்கிவிட்டுக் கையை நக்கினாள். அன்று முழுக்க நான் அவள் வயிற்றையே பார்த்துக்கொண்டு தரையில் கிடந்தேன். மாலையில் வாந்தி இல்லை. மறுநாளும் ஒன்றும் இல்லை.

அந்த வாரமே அடையாறுக்குக் கூட்டிப் போனோம். மருத்துவர் ஸ்டெதஸ்கோப்பை வைத்து வெகுநேரம் கேட்டார். "நுரையீரல் சுத்தமா இருக்கும்மா. மாத்திரை நல்லா வேலை செய்யுது" என்றார். ஆட்டோ பிடிக்கும் முன்பே, தெருவில் நின்றபடி மாமிக்குப் போன் செய்தேன்.

"நல்லா இருக்கா மாமி. இனிமே பயமில்லையாம்."

மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு மாமி சொன்னார்:

"அஷ்டமியன்னிக்குச் சன்னிதியில நின்னுண்டு பையனைப் பத்திக் கேக்கவே மறந்துட்டேண்டி. இவளுக்கு ஒண்ணும் ஆகப்படாதுன்னுதான் வேண்டிண்டேன்."