கேட் சீட்டு வராத மத்தியானம்

பகல் பன்னிரண்டு நாற்பதுக்கு பிரிண்டர் நின்றது. சத்தம் நின்றதும் நான் நிமிர்ந்து பார்த்தது சுவர்க் கடிகாரத்தைத்தான். மகளைப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

எழுபதுகளின் கடைசி வருடங்கள் அவை. பெருமாநல்லூர் சாலையில் இருந்த ஒரு நூல் மில்லில் நான் தலைமைக் கணக்கர். திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கு நூல் கொடுக்கும் மில். முதலாளி ஒரு கம்ப்யூட்டர் வாங்கிக் குளிர்சாதன அறையில் வைத்தார். அங்கிருந்து ஒயர் இழுத்து ஆபீசில் ஒன்று, கேட்டில் ஒன்று, நூல் குடோனில் ஒன்று என மூன்று டெர்மினல்கள். பிரிண்டர் ஒன்றே ஒன்று, ஆபீசில், மூவருக்கும் பொது. நூல் இருப்புக் கணக்கும் அப்படித்தான், மூவருக்கும் ஒன்று. விற்ற நூல் அதில் கழிந்து, கேட் சீட்டு அச்சாகி வந்தால்தான் மூட்டை வெளியே போகும். கையால் சீட்டு எழுதும் வழக்கத்தை அன்று காலையோடு நிறுத்தியிருந்தோம்.

இதைக் கவனித்துக்கொள்ள முதலாளி நியமித்தது என் மகளை. கணிதம் படித்து, மெட்ராசில் பயிற்சி எடுத்துத் திரும்பியிருந்தாள். தாராபுரத்தில் அவளுடைய மாமன் வீட்டில் மாப்பிள்ளையைத் தயாராக வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். "இந்த வேலை நிலைக்கலைன்னா நீங்க சொன்னபடி கேக்கறனுங்கம்மா" என்று அவள் தன் அம்மாவிடம் சொல்லியிருந்தாள். விளையாட்டுக்குச் சொல்லும் பெண் இல்லை அவள்.

முதலில் காகிதம் மாட்டிக்கொண்டதோ என்று பார்த்தார்கள். இல்லை. மில் எலெக்ட்ரீசியன் ஏணி போட்டு ஏறி, ஒயரை எலி கடித்திருக்கும் என்று வழி நெடுகப் பஞ்சுத் தூசியைத் தட்டிக்கொண்டே போனார். ஒயரும் நன்றாகவே இருந்தது. ஆபீஸ் டெர்மினலில் பனியனுக்குப் போகும் நாற்பதாம் நம்பர் நூல் என்று அடித்தால் திரை அப்படியே நின்றது. கேட்டிலும் அதே நிலை. அன்றைக்கு வந்தவர்கள் எல்லோரும் கேட்டது நாற்பதாம் நம்பர்தான்.

கேட்டில் டெம்போக்களும் மாட்டு வண்டிகளும் சேர்ந்துவிட்டன. பனியன் கம்பெனிக்காரர் ஒருவர் ஜன்னலில் தலையை நீட்டினார்.

"ஏனுங்க, உங்க மெசினு சோத்துக்குப் போயிருச்சுங்களா? வந்தா சொல்லியுடுங்க, நாங்க நெழல்ல உக்காந்திருக்கறோம்."

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். மகள் சிரிக்கவில்லை. குடோனுக்கு போன் போட்டாள். மூட்டை தூக்குபவர் ஒருவர் எடுத்தார். "இங்க மெசினு சும்மாதாங்க கெடக்குது. ஆரும் அடிக்கலீங்க" என்றார். அவள் போனை வைத்தாள்.

அப்போது முதலாளி வந்தார். குடோனில் சொன்னதை அவரிடமும் சொன்னோம். கம்ப்யூட்டர் விற்ற கம்பெனியின் என்ஜினியரும் மெட்ராசிலிருந்து வந்து அங்கேதான் இருந்தார்.

"ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணா சரியாயிடும் சார். பாதியில நிக்கறதால காலையில அடிச்ச கணக்கு போயிடும். மறுபடி அடிச்சுக்கலாம்" என்றார் அவர்.

முதலாளி குரலை உயர்த்துகிறவர் அல்ல. அன்றும் உயர்த்தவில்லை.

"அடிச்சதையே அடிக்கறதுக்கு நான் எதுக்குங்க மெசினு வாங்கோணும்? ஆஃப் பண்ணுங்க. பண்ணுனா ஆஃபாவே இருக்கட்டும். நாளைக்கிருந்து பழையபடி கையில எழுதிக்கலாம்."

என்ஜினியர் எழுந்தார். மகள் குளிர்சாதன அறைக் கதவின் முன்னால் போய் நின்றாள்.

"கொஞ்சம் பொறுத்துக்குங்க. ஒரு நடை குடோனுக்குப் போயிட்டு வந்தர்றனுங்க."

"அங்க சும்மா கெடக்குதுன்னாங்களே அம்மிணி?"

"சும்மா கெடக்குதான்னு நான் பாக்கலீங்களே."

முதலாளி நாற்காலியில் உட்கார்ந்தார். அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டு அவள் நடந்தாள். நானும் பின்னாலேயே போனேன். நூற்பு ஷெட்டின் இரைச்சலைத் தாண்டும்வரை அவள் பேசவில்லை. பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"அப்பா, மெசினு கெட்டுப் போகலை. ஆரோ நாப்பதாம் நம்பரத் திறந்து வெச்சிருக்கறாங்க. அவங்க முடிக்கற வரைக்கும் அது மத்தவங்களை உடாது. உட்டா ஒரே மூட்டைய ரெண்டு பேரு வித்துப் போடுவாங்க."

"திறந்தது ஆருன்னு தெரியலைன்னா?"

அவள் நடையை எட்டிப் போட்டாள்.

குடோனில் ஆட்கள் மூட்டைகளுக்கு இடையில் படுத்திருந்தார்கள். மூலையில் மேசை. அதன் மேல் டெர்மினல். திரையும் விசைப்பலகையும் தெரியாதபடி அதன் மேல் ஒரு துண்டு விரித்துக் கிடந்தது. குடோன் கிளார்க் தோளில் போடும் பச்சைக்கரைத் துண்டு. மதியச் சங்கு ஊதியதும் சைக்கிளில் வீட்டுக்குச் சாப்பிடப் போய், சற்றுக் கண் அசந்துவிட்டு வருவது அவர் வழக்கம்.

மகள் துண்டில் கை வைத்ததும் ஒருவர் எழுந்து உட்கார்ந்தார். "அம்மிணி, அது அவரு போட்ட துண்டுங்க. எடுத்தா சத்தம் போடுவாருங்க."

பஸ் நிற்பதற்குள் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிப்பவர்கள் நாங்கள். துண்டு கிடக்கிற இடத்தில் இன்னொருவர் உட்கார மாட்டார். மத்தியானத்திலிருந்து மில்லின் விற்பனையையே நிறுத்திய துண்டாக இருந்தாலும் அந்த ஆளுக்கு அது துண்டுதான். எனக்கும் ஒரு கணம் அப்படித்தான் இருந்தது.

அவள் எடுத்தாள். திரையில் நாற்பதாம் நம்பர். நூல் வாங்கும் பார்ட்டியின் பெயர் பாதியில் நின்றிருந்தது. அதற்கு அடுத்து ஒரு கோடு விட்டு விட்டு மின்னிக்கொண்டிருந்தது. சங்கு ஊதியதும் அடித்தது அடித்தபடியே விட்டுவிட்டு கிளார்க் எழுந்து போயிருக்கிறார்.

பாதிப் பதிவை ரத்து செய்ய ஒரு விசை போதும். அழுத்தினாள். திரை வெறுமையானது. வேறு எதுவும் நடக்கவில்லை. சுவரோரமாக ஆபீசை நோக்கிப் போகும் ஒயரையே நான் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போதும் எங்காவது ஓடிக்கொண்டிருக்கும் பிரிண்டர் சட்டென்று நின்றால், அந்தச் சில நொடிகள் எனக்குத் திரும்பி வருகின்றன.

போன் அடித்தது. நான் எடுத்தேன். முதலாளி. அவர் குரலுக்குப் பின்னால் பிரிண்டர் இரைந்துகொண்டிருந்தது.

"சீட்டு நிக்காம வருதுங்க. அம்மிணிய வரச் சொல்லுங்க, கிழிச்சுக் குடுக்க ஆளு பத்தலை."

நான் சொன்னதும் அவள் அங்கேயே ஒரு மூட்டை மேல் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டாள். துண்டு அவள் மடியில் கிடந்தது.

வாசலில் சைக்கிள் ஸ்டாண்டு போடும் சத்தம் கேட்டது. குடோன் கிளார்க் வெற்றிலையை மென்றபடி உள்ளே வந்தார். வெறும் திரையைப் பார்த்தார், அவள் மடியைப் பார்த்தார்.

"ஏன் அம்மிணி, ஆரும் தொட்டறக் கூடாதுன்னுதான துண்டப் போட்டுட்டுப் போனேன். இப்ப நான் மறுக்கா மொதல்ல இருந்து அடிக்கோணுமா?"