என் பால் அவனுக்கு ஆகவில்லை

2004-ஆம் வருடம், கொடைக்கானலுக்கு மேலே பூண்டி கிராமம். எனக்குத் தலைப்பிரசவம். சொந்த அத்தை மகனைத்தான் கட்டியிருந்தேன். அதனால் மாமியாரை அத்தை என்றுதான் கூப்பிடுவேன். மகன் கொழுகொழுவென்று பிறந்தான்.

எங்கள் ஊர் வெள்ளைப்பூண்டு விளைகிற ஊர். பால் ஊற வேண்டும் என்று அத்தை வேளைக்கு ஒருதரம் பூண்டை நெய்யில் வதக்கித் தருவார். பாலுக்குக் குறைச்சலே இல்லை. ஆனால் பிள்ளை குடித்ததையெல்லாம் கக்கினான். ஐந்தாம் நாள் கண் மஞ்சளித்தது.

"வயிறு நெறையல, அதான் இப்படித் துவண்டு கெடக்கான். இன்னும் கொடு தாயி" என்றார் அத்தை. நானும் பத்தாவது வரை படித்தவள்தான், புத்தி எங்கே போனதோ! அவன் முகத்தைத் திருப்பத் திருப்ப, விடாமல் புகட்டினேன். பதினோராம் நாள் ஜீப்பில் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே என் மடியில் அடங்கிவிட்டான். கண் பட்டுவிட்டது என்றார்கள். நம்பினேன்.

இரண்டு வருடம் கழித்து மகள் பிறந்தாள். நாலாம் நாளே அதே வாந்தி, அதே மஞ்சள். "வெரசா கெளம்பு" என்று அத்தைதான் மதுரைக்குக் கூட்டிக்கொண்டு ஓடினார்.

அங்கே டாக்டரம்மா மூத்த பிள்ளையைப் பற்றிக் கேட்டார். சொந்தத்தில் கல்யாணமா என்றும் கேட்டார். சிறுநீரைச் சோதித்த உடனே, "பாலை நிறுத்துங்கம்மா. தாய்ப்பாலும் ஆகாது, மாட்டுப்பாலும் ஆகாது" என்றார். பாலில் இருக்கிற சர்க்கரையை உடம்பு பக்குவப்படுத்த ஒரு நொதி வேண்டுமாம். அது என் பிள்ளைகளுக்கு இல்லை. என்னிடமும் கணவரிடமும் ஒரே மரபணுவில் பிழை, குடும்பத்தில் வழிவழியாக வந்தது. ஒற்றைப் பிழை எங்களை ஒன்றும் செய்யவில்லை. இருவரிடமிருந்தும் அதை வாங்கிய பிள்ளைக்குத்தான் பாலே விஷம்.

அத்தை என் பக்கம் திரும்பி, "அப்ப மூத்தவனுக்கு... நாமளேதானா தாயி?" என்றார்.

"உங்க தப்பு இல்லம்மா" என்று டாக்டரம்மா எவ்வளவோ சொன்னார். என் காதில் ஏறவில்லை. மகள் பசியில் வீறிட்டு அழுதாள். எனக்குப் பால் கட்டி ஜாக்கெட் நனைந்தது. அவர் கொடுத்த சோயா மாவைக் கரைத்து, அழுதுகொண்டே சங்கில் புகட்டினேன். மடக் மடக்கென்று குடித்தாள், கக்கவில்லை.

அவள் பிழைத்துக்கொண்டாள். பேச்சு தாமதமாகத்தான் வந்தது, படிப்பும் மெதுவாகத்தான் ஏறியது. போகட்டும், உயிரோடு இருக்கிறாளே. அவளைப் பார்த்து நான் சந்தோஷப்படுகிற ஒவ்வொரு நாளும், பெயர்கூட வைக்காமல் மண்ணில் விட்டுவந்த மகனிடம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்காமல் எனக்குச் சோறு இறங்குவதில்லை.