அமத்து

எங்கள் வீட்டில் ‘அமத்து’ என்றால் அமுக்கு. அம்மா கோயம்புத்தூர்ப் பக்கம். பெல்லை அமத்து, காலை அமத்திவிடு என்பாள். சங்கரன்கோவிலில் லைட்டை அமத்து என்றால் அணைத்துவிடு. ஆறாம் வகுப்பில் இந்த ஊருக்கு வந்த புதிதில், வாத்தியார் ஃபேனை அமத்தச் சொல்ல, இருந்த சுவிட்ச் அத்தனையையும் போட்டுவிட்டேன். வகுப்பே சிரித்தது. அதிகம் சிரித்தவன் நண்பனானான்.

அவன் புளியங்குடிக்காரன். அவன் வீட்டில் கம்ப்யூட்டர் கிடையாது. காலேஜ் முடித்த பிறகும் ஞாயிறு தவறாமல் பஸ் ஏறி என் வீட்டுக்கு வந்துவிடுவான். கட்டைகளை அடுக்கி ஊர் கட்டும் விளையாட்டு ஒன்று எங்களைப் பிடித்திருந்தது. அதில் அணு உலை கட்டுவதற்கென்று யாரோ செய்து இணையத்தில் போட்டிருந்த ‘மாட்’ என்கிற கூடுதல் இணைப்பு ஒன்றைச் சேர்த்தோம். அதற்கப்புறம் எங்களுக்கு ஒரே பேச்சுதான்: எவன் உலை நல்ல உலை?

என்னுடையது சின்னது. எரிபொருளை நெருக்கி அடைத்திருந்தேன். மின்சாரம் கொட்டும், அசந்தால் வெடிக்கும். மூன்று தடவை வெடித்தது. அவனுடையது பெரிய பெட்டி. ஒவ்வொரு எரிபொருள் கட்டையையும் சுற்றிக் குளிரூட்டிக் கட்டைகள். அதையும் பாதி வேகத்துக்கு மேல் ஓட்டமாட்டான். “ஏலே, இது உலையா? ஐஸ் பெட்டி” என்பேன். “ஒன்னோடது தீபாவளி வெடி, வே” என்பான். மின்சாரக் கணக்கில் எப்போதும் நான்தான் மேலே. அதில் எனக்கு இருந்த பெருமையை இப்போது நினைத்தால் கூசுகிறது.

அவனுக்குத் துபாயில் வேலை கிடைத்தது. கிளம்புகிற வாரம் போன் பண்ணினான். இனி தன் உலையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை, சும்மா ஓட வேண்டாம் என்றான்.

“என் உலைய மட்டும் அமத்திரு, மக்கா.”

உலைக்கு ஒரு லிவர். மேலே தூக்கினால் நிற்கும், கீழே அமுக்கினால் முழு வேகம். அவன் சொன்னது எனக்கு நன்றாகப் புரிந்தது. பத்து வருஷத்துக்கு மேல் இந்த ஊரில் இருக்கிறேன். ஆனாலும் கீழே அமுக்கினேன். ஐஸ் பெட்டி முழு வேகத்தில் என்னதான் செய்யும் என்று பார்க்க ஆசை.

மின்சாரக் கணக்கு காட்டும் எண் ஏறியது. என்னுடையதைத் தொட்டது, தாண்டியது. சூடு மெதுவாகத்தான் கூடியது. லிவரைத் தூக்க நேரம் நிறையவே இருந்தது. தாண்டிப் போகிற அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். கை போகவில்லை. வெடித்தபோது உலையோடு நாங்கள் கட்டிய தேரடியும் பாதி ரத வீதியும் போயின. நகல் எடுத்து வை என்று அவன் வாராவாரம் சொல்வான். நான் எடுத்ததில்லை.

“அமத்துன்னு சொன்னியா, அமுக்கிட்டேன்லே” என்றேன் போனில். அவன் சிரிக்க ஆரம்பித்தான். ஃபேன் கதையையும் இழுத்து வந்து சிரித்தான். அந்தச் சிரிப்பைக் கேட்ட பிறகு உண்மையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

துபாய்க்குக் கிளம்புகிற அன்று பஸ் ஸ்டாண்டில் அவன் அம்மா, தங்கச்சி, நான். பெட்டியை ஏற்றிவிட்டு என்னைத் தனியே இழுத்தான்.

“வெடிக்கிறதுக்கு முன்னாடி எம்புட்டு காட்டிச்சு?”

பார்க்கவில்லை என்றேன்.

அவன் தலையாட்டினான். இத்தனை ஞாயிறும் அந்த எண்ணைத்தான் மெல்ல மெல்ல ஏற்றிப் பார்க்க நினைத்ததாகவும், அவசரப்பட்டுக் கெடுக்க மனசு வரவில்லை என்றும் சொன்னான். கண்டக்டர் விசில் அடித்தார்.

“போட்டும். ஒன்னோடதுதாம்லே நல்ல உலை” என்றான் படியில் நின்று.

நான் சரி என்றேன்.