மூன்று கால் பல்பு

சேலத்து ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் "என்ன வண்டிங்க?" என்று கேட்டதற்கு, என் காரின் பெயரை விட்டுவிட்டுப் பக்கத்து வீட்டுக்காரரின் காரைச் சொன்னவன் நான். வாய் தவறியது என்று சொல்ல முடியாது. ஆறு மாதமாக மனசுக்குள் ஓடிக்கொண்டிருந்தது அவருடைய கார்தான்.

எண்பதுகளின் கடைசி. ஏற்காட்டில் பள்ளிக்கூடத்தில் சரித்திரம் சொல்லிக்கொடுத்தேன். என் காரையும் பாடத்தில் சேர்த்திருக்கலாம், அந்த வயது. பக்கத்து வீட்டுக்காரருக்கு நாகலூர்ப் பக்கம் காப்பித் தோட்டம். புதிதாக வந்த சின்னக் கார் ஒன்றை வாங்கியிருந்தார். மாலையில் அது தெருமுனையில் திரும்பும்போது, வெள்ளை வெளிச்சம் எங்கள் சமையலறை ஜன்னலில் நுழைந்து மசாலா டப்பாக்களை ஒவ்வொன்றாகத் தடவிவிட்டுப் போகும். என் காரின் வெளிச்சமோ பருப்புத் தட்டுப்பாட்டுக் காலத்து ரசத்தின் நிறம். அதிலும் ஒரு பக்கப் பல்பு போய்விட்டது.

"ஏனுங்க, நாளைக்குக் கீழ சேலத்துல கல்யாணத்துக்குப் போயிட்டு வர இருட்டாயிரும். ஒத்தக் கண்ணு வண்டியில இத்தன வளைவு ஏற என்னால ஆகாதுங்க. இன்னைக்குள்ள சரி பண்ணலீன்னா பக்கத்தூட்டுக்காரவியளும் அங்கதான் வர்றாங்க, நான் அவிய வண்டியில வந்துக்கறேன். அதுல வெளிச்சம் நொம்ப நல்லா இருக்குது" என்றாள் மனைவி.

வண்டியைப் புகழ்ந்திருந்தால் தாங்கியிருப்பேன். வெளிச்சத்தைச் சொல்லிவிட்டாள். அடுத்த பஸ்ஸில் சேலத்துக்கு இறங்கினேன்.

கடைக்காரர் நிமிராமலே, "சாம்பிள் கொண்டாந்தீங்களா?" என்றார். பழைய பல்பைக் கழற்றிக் கையோடு கொண்டுபோய்க் காட்டுவதுதான் வழக்கம். என்னுடையது இன்ன கார் என்று அது காட்டிக்கொடுத்துவிடுமே என்று வீட்டிலேயே வைத்துவிட்டேன். இல்லை என்றதும்தான் அவர் வண்டியைக் கேட்டதும், நான் அப்படிச் சொன்னதும். "நல்லா வெள்ளையா எரியணும்" என்று வேறு சேர்த்துக்கொண்டேன்.

சாயங்காலம் காரின் முன்னால் குனிந்து பார்த்தால், வாங்கிவந்த பல்புக்கு மூன்று தட்டைக் கால்கள். என் வண்டியின் ஹோல்டரோ வட்டமாக வாயைத் திறந்துகொண்டிருந்தது. அரை மணி நேரம் திருகிப் பார்த்தேன். ஜன்னல் வழியாகக் கவனித்துக்கொண்டிருந்த மனைவி, பக்கத்து வீட்டில் எத்தனை மணிக்குக் கிளம்புகிறார்கள் என்று கேட்டுவரப் போனாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, கல்யாணம் முடிந்து இருட்டில் அவர் காரில்தான் மலையேறினோம். பெண்கள் பின்னால், வாத்தியார் என்ற மரியாதைக்கு என்னை முன்னால் உட்காரவைத்தார். மைல்கல் எழுத்தைக் கண்ணாடி போடாமலே படித்தேன். வளைவுக்கு வளைவு அந்த வெளிச்சத்தில் ஒரு குறையாவது கிடைக்குமா என்று தேடினேன். இல்லை. பின்சீட்டில் மனைவி நிம்மதியாகத் தூங்கினாள். என் வண்டியில் ஒருநாளும் தூங்கியதில்லை.

மறுநாள் காலை, வீணாகப் போகவேண்டாமே என்று, அவருக்காகவே வாங்கிவந்ததுபோல அந்தப் பல்பை நீட்டினேன். புரட்டிப் பார்த்தார்.

"நம்மூட்டு வண்டிப் பல்புதானுங்க. கரெக்டா வாங்கியாந்திருக்கீங்க" என்றார். "அப்படியே உங்க வண்டிக்கும் ஒண்ணு வாங்கியாந்திருக்கலாமுங்களே, சார்."