வீடுகளைச் சுற்றி வந்த விமானம்

சென்ற வாரம் பலேர்மோ நகரின் பொலிதேயாமாப் பகுதியில் நான் துப்புரவு செய்யும் அலுவலகத்தில், மேசைக்கடியில் கிடந்த பழைய கணினி ஒன்றை யாரோ நிறுத்தாமல் போயிருந்தார்கள். குனிந்து கூட்டும்போது அதன் விசிறியிலிருந்து சூடான தூசி மணம் முகத்தில் அடித்தது. உங்களுக்கு அது வெறும் தூசி மணமாகத்தான் இருக்கும். எனக்கு அதோடு சேர்த்துக் கடலைமாப் பொரியலின் மணமும் வந்தது. தும்புத்தடியைச் சுவரில் சாத்திவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன். யாராவது பார்த்திருந்தால் வேலைக்கள்ளன் என்று நினைத்திருப்பார்கள். அதுவும் முழுக்கப் பிழையென்று சொல்ல முடியாது.

கடலைமாப் பொரியலுக்கு இந்த ஊரில் பனெல்லே என்று பெயர். பலேர்மோ துறைமுகத்துக்குப் பின்னால் ஒரு ஒடுங்கிய தெருவில், மூன்றாம் மாடியில் நான் குடியிருந்த காலத்தில், வாசலுக்கு நேரே ஒரு வண்டிக்காரர் அதைப் பொரித்துக்கொண்டிருப்பார். எண்ணெய்ப் புகை எங்கள் சன்னலுக்குத்தான் வரும். எங்கள் என்பது நானும் செந்திலும். செந்தில் திருச்சிக்காரர், பல்கலைக்கழகத்தில் கடல்நீரைப் பற்றி ஏதோ ஆராய்ச்சி. நான் வன்னியிலிருந்து யுத்தம் முடிந்தபின் வந்து, உணவகமொன்றில் சட்டி கழுவிக்கொண்டிருந்தவன். இருவருக்கும் ஏறத்தாழ ஒரே வயது. அவர் என்னை ‘பாஸ்’ என்று கூப்பிடுவார். என் வாழ்நாளில் என்னை அப்படிக் கூப்பிட்ட ஒரே ஆள் அவர்தான்.

நான் குடிவந்த புதிதில், மத்தியான வேலை முடிந்து தக்காளிப் பையோடு படியேறிக்கொண்டிருந்தேன். மேலிருந்து அந்தச் சத்தம் வந்தது. விமானம் உயரத்தில் போனால் ஒரு சத்தம், கீழே பாய்ந்தால் வேறு சத்தம். பாய்வதை வன்னியில் ‘பதியுது’ என்போம். யாராவது “பதியுது” என்று கத்தினால் பதுங்குகுழிக்கு ஓட வேண்டும். குழி இல்லாவிட்டால் நின்ற இடத்தில் குப்புறப் படுத்து, காதைப் பொத்தி, செவிப்பறை கிழியாமலிருக்க வாயைத் திறந்து வைத்திருக்க வேண்டும். நான் யோசிப்பதற்குள் உடம்பு படுத்துவிட்டது. செந்தில் கதவைத் திறந்தபோது நான் படிக்கட்டில் கிடக்கிறேன், தக்காளிகள் இரண்டாம் மாடியை நோக்கி உருண்டுகொண்டிருக்கின்றன.

“பாஸ், விழுந்துட்டீங்களா?”

“இல்லை, படுத்தனான்.”

“எதுக்குங்க படியில?”

“உங்கட அறைக்குள்ளை பிளேன் பதியுது.”

 அவர் உள்ளே ஓடினார், சத்தம் நின்றது. திரும்பி வந்து ஒன்றும் கேட்காமல் தக்காளி பொறுக்கினார். நசுங்கியதை வைத்து அன்றைக்கு ரசம் வைத்தோம். சாப்பிடும்போது நானாகவே கொஞ்சம் சொன்னேன்.

அவர் ஓட்டிக்கொண்டிருந்தது கணினிக்குள் பறக்கும் ஒரு பழைய போர் விமானம், இரண்டாம் உலகப் போர்க்காலத்தது. அதற்கென்று ஒரு பிடி, காலுக்கு மிதி, எல்லாம் வைத்திருந்தார். அன்றிலிருந்து காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டார். குண்டு ஏற்றுவதையும் விட்டுவிட்டார். “எடை குறைஞ்சா நல்லா பறக்கும்” என்று அதற்கு ஒரு காரணம் சொன்னார். நானும் நம்பியதுபோல இருந்துகொண்டேன்.

உண்மையில் சண்டை அவருக்குச் சரிவராது. இணையத்தில் நாலு இத்தாலியர்களோடு கூட்டாகப் பறப்பார். அவர்கள் சுட்டுத் தள்ளிக்கொண்டிருக்கும்போது இவர் ஓடுதளத்தில் இறங்கி, ஏறி, மறுபடி இறங்கிக்கொண்டிருப்பார். இறங்குவதுதான் அவர் பித்து. இந்த விளையாட்டில் வால் சரியாகத் தாழ்கிறதா, எஞ்சினின் இழுப்பு நிசம்போல இருக்கிறதா என்று முகம் தெரியாதவர்களோடு வாரக்கணக்கில் எழுதிச் சண்டை போடுவார். விமானத்தைக் கீழிருந்து மட்டும் பார்த்த எனக்கு அந்தச் சண்டை விளங்கவே இல்லை.

அப்போதுதான் பாரிஸிலிருந்து அக்காவின் அழைப்பு வந்தது. கல்யாணம் சரிவந்துவிட்டது. எங்கள் வீட்டில் மிஞ்சியது அக்காவும் நானும்தான். எங்கள் வழக்கத்தில் பெண்ணின் சகோதரன்தான் மாப்பிள்ளைக்குத் தோழன். வாசலில் மாப்பிள்ளையின் காலைக் கழுவி உள்ளே கூட்டிவருவது அவன், அதற்கு மாப்பிள்ளை அவன் விரலில் மோதிரம் போடுவார். உணவகத்துச் சிஞ்ஞோரா, என் முதலாளியம்மா, கல்யாணத்துக்கு மட்டும் லீவு தந்தார். ரயிலில் போய்வர அது காணாது.

“நீ வராட்டி ஆரையாவது பிடிச்சு நிப்பாட்டுவினம். ஆரோ ஒருத்தன் இவரின்ரை காலைக் கழுவ நான் பாத்துக்கொண்டு நிக்கவோ?” என்றாள் அக்கா.

“வாறன் அக்கா.”

“எப்பிடி வருவாய்? போன முறை மாதிரியோ?”

போன முறை என்றது நான் இத்தாலிக்கு வந்த பயணத்தை. உயரத்தில் இருக்கும்வரை ஒரு குறையும் இல்லை. கீழே வரத் தொடங்கிச் சத்தம் மாறியதும் இருக்கைகளுக்கு நடுவே குப்புறப் படுக்கப் பார்த்தேன். இடுப்பில் பட்டி இருந்ததால் பாதி படுத்து, பாதி தொங்கி, வாயைத் திறந்தபடி தரைக்கு வந்தேன். பக்கத்திலிருந்த குழந்தை என்னைப் பார்த்து அழுதது. இனிக் கடலில் நீந்திப் போனாலும் போவேன், விமானம் ஏறமாட்டேன் என்று அன்றைக்கே சத்தியம் செய்திருந்தேன்.

செந்திலிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

“நீங்க இதுவரைக்கும் கீழ இருந்துதானே கேட்டிருக்கீங்க. ஒரு தடவை மேல உக்காந்து கேட்டுப் பாருங்க” என்று தன் நாற்காலியிலிருந்து எழுந்தார்.

மத்தியான வேலைக்கும் இரவு வேலைக்கும் நடுவிலுள்ள நேரத்தில் பழகினேன். முதல் நாள் ஹெட்போனை மேசையில் தள்ளி வைத்துத்தான் கேட்டேன். அவர் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு சத்தத்துக்கும் காரணம் சொல்வார். “சத்தம் குறையுதுன்னா பவரைக் குறைக்கிறாங்கன்னு அர்த்தம். முனகுற மாதிரி ஒண்ணு வரும், அது இறக்கைக்குப் பின்னாடி மடிப்பு இறங்குறது. திடும்னு ஒண்ணு வந்தா சக்கரம். எல்லாமே ஒருத்தர் கையால செய்றதுதான் பாஸ்.”

கேட்பது ஒன்று, ஓட்டுவது வேறு. என் விமானம் தரையைத் தொட்டதும் ஆட்டுக்குட்டிபோலத் துள்ளும். துள்ளாத நாளில் பின்பக்கம் சுழன்று, வந்த திசையையே பார்த்து நிற்கும். “தரையில அமுக்காதீங்க. தொட விடாம தாங்கிப் பிடிங்க, வேகம் தீர்ந்ததும் அதுவா உக்காரும்” என்பார். அந்த விமானத்துக்கு மூக்கு வேறு நீளம். இறங்கும்போது மூக்கு நிமிர்ந்து ஓடுதளத்தை மறைத்துவிடும். அது இருக்குமிடம் இதுதான் என்று நம்பி நேரே வர வேண்டும்.

நேரே வருவதில்தான் எனக்குச் சிக்கல். ஓடுதளத்துக்கு முன்னால் ஒரு கிராமம் இருந்தது. சிவப்புக் கூரைகள், நடுவில் ஒரு தேவாலயம். ஒவ்வொரு முறையும் நான் அந்தக் கிராமத்தைச் சுற்றிக்கொண்டு வருவேன்.

“ஏன் பாஸ் வளைஞ்சு போறீங்க?”

“அங்கை வீடுகள் இருக்கு.”

“அது வெறும் படம்ங்க. உள்ள யாரும் இல்லை.”

“ஓம், தெரியும். எண்டாலும் சனத்துக்கு மேலாலை பதியேலாது.”

செந்தில் ஸ்டூலைக் கிட்ட இழுத்துக்கொண்டார். “சரி, உங்க வழியிலயே வாங்க” என்றார்.

நான் என் வழியிலேயே வந்தேன். சில நாள் தடுமாற்றம். ஒரு நாள் கிராமத்தைச் சுற்றி வளைந்து வரும்போது கவனித்தேன், வளைவில் இருக்கும்வரை ஓடுதளம் மூக்குக்குப் பக்கத்தில் தெளிவாகத் தெரிகிறது. கடைசிக் கணம்வரை வளைந்தே வந்து, நேராக்கி, தாங்கிப் பிடித்தேன். மூன்று சில்லும் ஒன்றாகத் தரையில் பட்டன. துள்ளவில்லை. செந்திலின் வாயில் பனெல்லே, விழுங்க மறந்து நின்றார்.

பிறகுதான் சொன்னார். நீள மூக்கு விமானங்களை அந்தக் காலத்து விமானிகள் இப்படி வளைந்து வந்துதான் இறக்குவார்களாம். “முதல்ல நேரா வரப் பழகட்டும், அப்புறம் சொல்லித் தரலாம்னு வச்சிருந்தேன். நீங்க வீட்டைச் சுத்தப் போயே கத்துக்கிட்டீங்க.” அன்றைக்கு அந்த இத்தாலியர்களுக்கெல்லாம் என் பெருமையை அளந்தார். எனக்குக் கூச்சமாக இருந்தது, நிறுத்தச் சொல்லவும் மனம் வரவில்லை.

சன்னலோர இருக்கையும் அவர்தான் பதிவு செய்து தந்தார். பாரிஸ் நெருங்கியதும் சத்தம் குறைந்தது. பவர் என்று எனக்குள் சொன்னேன். முனகியது, மடிப்பு. திடும் என்றது, சக்கரம். அதுவரை சரி. பிறகு கீழே வீடுகள் வந்தன. இந்த விமானி வளைந்து போகவில்லை, கூரைகளுக்கு மேலால் நேரே இறங்கினார். என் கைகள் காதுக்குப் போயின. கீழே ஒரு முற்றத்தில் ஒரு பெண் உடுப்புக் காயப் போட்டுக்கொண்டு நின்றாள். இப்போது நிமிர்வாள், இப்போது ஓடுவாள் என்று பார்த்தேன். அவள் கூடைக்குக் குனிந்து அடுத்த விரிப்பை எடுத்தாள். அடுத்த வீட்டில் ஒருவர் கார் கழுவிக்கொண்டிருந்தார். ஒருவரும் தலைநிமிரவில்லை. கைகளை மடியில் வைத்துக்கொண்டு அழுதேன். அப்படியும் ஒரு ஊர் இருக்கிறது என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

மாப்பிள்ளையின் காலை நான்தான் கழுவினேன். பதற்றத்தில் வேட்டியையும் நனைத்துவிட்டேன், அக்கா மணவறையில் இருந்து சிரித்தாள். மோதிரம் இன்னும் விரலில் இருக்கிறது. மண்டபத்துக்கு வெளியே நின்று செந்திலுக்குப் போன் எடுத்து, “இறங்கிட்டன்” என்றேன். “துள்ளுச்சா பாஸ்?” என்று கேட்டார்.

ஆராய்ச்சி முடிந்து செந்தில் ஊருக்குப் போய்விட்டார். எப்போதாவது பேசுவோம். இப்போது அவருக்கு இரண்டு பிள்ளைகள், பறக்க நேரமில்லை. அந்தக் கணினி கழித்துப் போடப்பட்டது. அந்த விளையாட்டும் புதிய கணினிகளில் ஓடாதாம். நாங்கள் இருந்த மாடியில் இன்று சுற்றுலாப் பயணிகள் தங்குகிறார்கள். பனெல்லே வண்டியையும் காணவில்லை. செந்திலுக்கு நான் நன்றி என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் அவர் பேச்சை மாற்றியிருப்பார்.

இந்த ஞாயிற்றுக்கிழமை நானும் மனைவியும் துறைமுகத்துச் சுவரில் உட்கார்ந்து, நாப்போலி நகருக்குப் போகும் கப்பல் புறப்படுவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவள் மட்டக்களப்புக்காரி, அவளுக்கும் அந்தச் சத்தங்களெல்லாம் தெரியும். கதைத்துக்கொண்டிருந்தவள் திடீரென்று நிறுத்தி என் முகத்தைப் பார்த்தாள்.

“என்னப்பா, நீங்க நிமிர்ந்தும் பாக்கல்ல.”

“எதை?”

“பிளேன். தலைக்கு மேலால தாழப் போச்சே.”

நிமிர்ந்து பார்த்தேன். அது எப்போதோ போய்விட்டிருந்தது.