அக்காவின் ஸ்மிர்க்

எனக்கு எழுத்துக்கூட்டத் தெரிந்த முதல் கடினமான ஆங்கிலச் சொல் ஸ்மிர்க். அக்காதான் சொல்லிக்கொடுத்தாள்.

அப்போது அவள் ஒன்பதாவது, நான் மூன்றாவது. வேங்கிக்காலில் இருவருக்கும் ஒரே பள்ளி. அரையாண்டு விடுமுறையில் ஒருநாள் காலை அக்கா வாய் கொப்பளித்தபோது தண்ணீர் ஒரு பக்கமாக வழிந்தது. கண்ணாடியில் பார்த்தால் முகத்தின் வலப்பக்கம் அசையவே இல்லை. முகவாதம், மெல்லச் சரியாகிவிடும் என்றார் டாக்டர். மாத்திரையோடு, தினமும் கண்ணாடி முன் நின்று கன்னத்தை உப்பவும் விசிலடிக்கவும் சிரிக்கவும் பழகச் சொன்னார். அம்மா அண்ணாமலையாருக்கு வேண்டிக்கொண்டாள். அப்பாவோடு பேச்சை நிறுத்திக்கொண்டாள். முதல் நாள் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்காரவைத்து எதிர்காற்றில் கூட்டிவந்தது அவர்தான் என்பது அவள் கட்சி.

பள்ளி திறந்ததும் அக்காவின் வகுப்புக்குப் புதிதாக ஓர் ஆங்கில டீச்சர் வந்தார். நான் தண்ணீர் குடிக்கப் போன நேரத்தில் அக்கா வகுப்புக்கு வெளியே நின்றுகொண்டிருந்தாள். ஏன் என்று கேட்டேன்.

"ஸ்மிர்க் பண்றேனாம்."

"அப்டின்னா?"

அக்கா மைதானத்தைப் பார்த்தாள். "ஒரு பக்கமா சிரிக்கிறதுடி. எல்லாருக்கும் வராது."

டீச்சரிடம் விஷயத்தைச் சொல்லியிருக்கலாம். அவர் பரிதாபப்பட்டு உள்ளே கூப்பிடுவதைவிட வெளியே நிற்பதே மேல் என்று இருந்துவிட்டாள். வீட்டிலும் காரணம் சொல்லவில்லை. அந்த வாரமே, இனிமேல் பள்ளிக்குப் போகமாட்டேன் என்று மட்டும் சொன்னாள். அம்மா கெஞ்சினாள். ஒரு வருஷம் போனால் போகட்டும் என்றார் அப்பா.

எனக்கோ பெருமை தாங்கவில்லை. எல்லாருக்கும் வராத ஒன்று எங்கள் அக்காவுக்கு வருகிறதே. மறுநாள் தனியாகப் பள்ளிக்குப் போனவள் அந்த டீச்சரை வராந்தாவில் வழிமறித்தேன்.

"மிஸ், எங்க அக்கா இன்னிக்கு லீவு. வீட்ல ஸ்மிர்க் பண்ணிட்டு இருக்கா. டாக்டர் டெய்லி பண்ணச் சொல்லியிருக்காரு. முன்ன கம்மியா வந்துச்சு, இப்போ ஜாஸ்தியா வருது."

எந்த டாக்டர் என்று கேட்டார். சொன்னேன். கன்னத்தை உப்பி, விசிலடித்து, உதட்டின் ஒரு பக்கத்தை மட்டும் தூக்கிச் சிரித்தும் காட்டினேன். அவர் திட்டவும் இல்லை, சிரிக்கவும் இல்லை.

அன்று சாயங்காலம் டீச்சர் எங்கள் வீட்டுக்கு வந்தார். அம்மா கொடுத்த காபியைத் தொடாமல், கட்டிலில் அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"தெரியாம சொல்லிட்டேன்மா. நாளைக்கு வந்துடு."

வகுப்பில் எல்லார் முன்னாலும் இதைச் சொல்கிறேன் என்றார். அதெல்லாம் வேண்டாம் மிஸ் என்றாள் அக்கா. கொஞ்சம் கழித்து, வருகிறேன் என்றாள்.

போனாள். முகமும் மெல்லச் சரியானது. ஒரு பௌர்ணமியன்று, கிரிவலக் கூட்டத்தில் அப்பா சொன்ன எதற்கோ இரண்டு பக்கமும் சிரித்துவிட்டாள். அம்மா அன்றைக்குத்தான் எதிர்காற்றை மன்னித்தாள்.

ஸ்மிர்க் என்றால் அலட்சியமாக, ஏளனமாகச் சிரிப்பது என்று எனக்குத் தெரிந்தது கல்லூரியில்தான். டீச்சர் வீட்டுக்கு வந்த அந்தச் சாயங்காலம் எனக்கு அது தெரியாது. அவர் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு சிரிக்கப் பார்த்தார். அவர் உதடு ஒரு பக்கமாகக் கோணி நடுங்கியது. அவரும் கற்றுக்கொள்ளத்தான் வந்திருக்கிறார், முதல் நாள் என்பதால் சரியாக வரவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.